கேன்சர் நியூஸ் போடறப்போ நம்பிக்கைக்கும் ஒரு வரி எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தாராவியில இருக்கேன், பூர்வீகம் திருநெல்வேலி பக்கம். ஊர்லருந்து பரேல் டாடா கேன்சர் ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க நிறைய பேருக்கு இந்தி வராது, அதனால கூடப் போயி டாக்டர்கிட்ட பேசறது, தங்க இடம் பாத்துக் குடுக்கறதுன்னு என்னால ஆனத செய்யறேன்.

நம்ம தமிழ் பேப்பர்கள்ல கேன்சர்னாலே "உயிர்க்கொல்லி நோய்"னு தான் போடறாங்க, நடிகர் யாராச்சும் இறந்துட்டா கேட்கவே வேணாம். ஆஸ்பத்திரி வாசல்ல பிளாட்பாரத்துல பாய் விரிச்சு உக்காந்திருக்கிற ஒரு தாய் அத போன்ல படிச்சா அவ மனசு என்ன பாடுபடும் சொல்லுங்க.

தென்காசி பக்கத்துலருந்து ஒரு அக்கா வந்திருந்தாங்க, பையனுக்கு பிளட் கேன்சர், கீமோவுல முடியெல்லாம் கொட்டிப் போச்சு, வாய்ப்புண்ணால சோறு இறங்கல. அந்த நெலமையில தாதர்ல போயி அவனுக்கு ஸ்கூல் ஷூ வாங்கினாங்க, அதுவும் ஒரு சைஸ் பெருசா. ஏங்க்கா லூசா இருக்கேன்னேன். "திரும்ப பள்ளிக்கூடம் போகையில காலு வளந்துருக்கும்லா"ன்னாங்க. கடைக்காரன்கிட்ட பேரம் வேற பேசினாங்க. ரொம்ப நாளைக்கப்புறம் அன்னிக்கி ராத்திரி தான் கண்ணசந்தேன்னு மறுநாள் சொன்னாங்க, மாத்திரை குடுக்காத தூக்கத்த அந்த ஷூ குடுத்துச்சு.

இது சும்மா மனசத் தேத்திக்கறது இல்லீங்க. குழந்தைங்களுக்கு அதிகமா வர்ற அந்த ரத்தப் புற்றுநோய்க்கு 1948ல தான் ஒரு மருந்து கொஞ்ச நாளாச்சும் வேலை செய்யுதுன்னே தெரிஞ்சுது, இப்போ பணக்கார நாடுகள்ல 10ல 8 குழந்தைக்கு மேல பொழைக்குது. நம்ம நாட்டுல அந்த அளவு இல்லாததுக்கு ஒரு பெரிய காரணம் பாதியிலேயே ட்ரீட்மென்ட்ட விட்டுட்டு ஊருக்குப் போயிடறது. ரெண்டு மூணு வருஷம் இழுக்கும், காசும் தீரும், அப்போ "இதெல்லாம் பொழைக்காது, ஏன் செலவு பண்ற"ன்னு சொந்தக்காரங்க ஒருத்தர் சொன்னா போதும், டிக்கெட் போட்டுடுவாங்க.

எங்க தெருவுல ஒரு டெய்லர் அண்ணாச்சி இருக்காரு, அவருக்கு இருக்கறது சிஎம்எல், அதுவும் ரத்தப் புற்றுநோய்ல ஒரு வகை. தினம் இமாட்டினிப் மாத்திரை போடறாரு, மெஷின்ல உக்காந்து தைக்கறாரு, மகளுக்கு கல்யாணமும் பண்ணிட்டாரு. அந்த மருந்துக்கு பேட்டன்ட், அதாவது ஒரே கம்பெனி மட்டும் தயாரிக்கற உரிமை, கெடையாதுன்னு 2013ல சுப்ரீம் கோர்ட் சொன்னதால தான் இங்க விலை கொறஞ்ச மாத்திரை தொடர்ந்து கெடைக்குது. இந்த மாதிரி ஆளுங்கள பத்தி ஏன் எழுத மாட்டேங்கறீங்க?

எல்லாரும் பொழைச்சிடறாங்கன்னு சொல்ல வரல. குணமாகாதுன்னு டாக்டர் சொன்னவங்களுக்கும் ஆசை இருக்கு, அது சின்னதாயிடும், அவ்ளோ தான். வலியில்லாம இன்னிக்கி தூங்கணும், பேரப்புள்ள முகத்த பாக்கணும். வலிக்கு மார்பின்னு ஒரு மருந்து இருக்கு, வீட்டுலயே வச்சு பாத்துக்கலாம், அதுக்கு கெடுபிடியா இருந்த போதைப்பொருள் சட்டத்தையும் 2014ல கொஞ்சம் தளர்த்தியிருக்காங்க. இது நெறைய குடும்பத்துக்கு தெரியவே தெரியாது.

இன்னொன்னு, லேகியம் சாப்பிட்டா கேன்சர் ஓடிப் போயிடும்னு வர்ற விளம்பரம். 1954லருந்தே அதுக்கு சட்டத்துல தடை இருக்கு. அத நம்பி கீமோவ நிறுத்திட்டு, கட்டி பெருசானப்புறம் திரும்பி வந்தவங்கள நான் பாத்திருக்கேன், அந்தப் பொய்யான நம்பிக்கைய விக்கறவங்கள மன்னிக்கவே மனசு வரல.

அதனால கேட்டுக்கறேன், இனிமே கேன்சர் நியூஸ் போடறப்போ அது எந்த வகை, ஆரம்பத்துல பாத்தா என்ன வாய்ப்பு, பக்கத்துல எந்த அரசு ஆஸ்பத்திரியில ட்ரீட்மென்ட் இருக்குன்னு ஒரு பெட்டிச் செய்தியாச்சும் கூட சேருங்க. "உயிர்க்கொல்லி"ய எடுத்துடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி
தாராவி, மும்பை