குறும்பட மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மாணவ உறுப்பினர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பழைய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டு ஒழுங்காக நடந்தன. தேர்வு நேரத்தில் மட்டும் ஒரு கூட்டத்தைத் தள்ளிவைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை நாம் எடுத்த குறும்படத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். படத்தை எடுத்த விதம் எனக்கு நிறைவாக இருக்கிறது. அதை வெளியே கொண்டுபோன விதத்தில் குறை உண்டு, அதில் என் பங்கும் உண்டு.

ஆண்டின் முதல் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர், குறும்படம் என்றால் எத்தனை நிமிடம் என்று கேட்டார். ஆஸ்கர் விதிப்படி பெயர்ப் பட்டியல் உட்பட 40 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் அது உச்சவரம்புதான். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு திரையிட்ட 10 படங்களில் ஒன்றுகூட ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. அன்றைய பேச்சின் முடிவில், 12 நிமிடத்துக்கு மேல் போவதில்லை என்று தீர்மானித்தோம்.

வந்த கதைகளில் காது கேட்கும் திறனை இழந்துவரும் ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவரின் கதையைத் தேர்ந்தெடுத்தோம். டிக் டிக் சத்தம் கேட்காமல் போனபின், கடிகாரம் ஓடுகிறதா என்பதை அவர் விரலை வைத்துப் பார்த்துச் சொல்கிறார். அதை அவருடைய பேத்தி கண்டுபிடிக்கிறாள். கதை இவ்வளவுதான். திரைக்கதை ஒன்பது பக்கம் வந்தது. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். வசனம் குறைந்த கதைக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. கடிகாரத்தில் நேரம் குறித்துக்கொண்டு நடித்துப் பார்த்தபோது 17 நிமிடம் ஓடியது. "அவர் கடிகாரத்தைத் திறக்கிறார்" என்ற ஒரே வரிக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. இரண்டு காட்சிகளை வெட்டினோம். எழுதியவருக்கு வருத்தம்தான். ஆனாலும் அவரே பேனாவை எடுத்து அடித்தார்.

படப்பிடிப்பு நான்கு நாள். கடைக் காட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அடுத்து எடுப்பவர்களுக்குப் பயன்படும். செட்டில் சுவர் நிறையக் கடிகாரங்கள் மாட்டியிருந்தோம். முதல் ஒத்திகையில் ஹெட்போனைக் காதில் வைத்த ஒலிப்பதிவாளர் உடனே கையைத் தூக்கி நிறுத்தினார். பத்துப் பன்னிரண்டு கடிகாரங்கள் ஒன்றோடொன்று சேராமல் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தோடு பதிவு செய்தால் ஒரு ஷாட்டை வெட்டி இன்னொரு ஷாட்டோடு சேர்க்கும் இடமெல்லாம் டிக் சத்தம் தடுக்கும். அதைவிடப் பெரிய சிக்கலை உதவி இயக்குநர் கவனித்தார். திரையில் இரண்டு நிமிடம் ஓடப்போகும் காட்சியை எடுக்க ஆறு மணி நேரம் ஆகும். அதற்குள் சுவரில் இருக்கும் முட்கள் எல்லாம் நகர்ந்துவிடும். நாலு மணிக்குப் பேத்தி கேள்வி கேட்பாள், தாத்தா ஒன்பதரைக்குப் பதில் சொல்வார்!

எல்லாக் கடிகாரங்களிலும் பேட்டரியைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தை வைத்து நிறுத்தினோம். எந்தக் கடிகாரத்தில் எந்த நேரம் என்பதைக் குறித்து, சுவரையும் படம் எடுத்துவைத்தோம். நொடிமுள் தெரியும் நெருக்கமான ஷாட்டுக்கு மட்டும் ஒரு கடிகாரத்தை ஓடவிட்டோம். படப்பிடிப்பு முடிந்த மாலையில், எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒவ்வொரு கடிகாரத்தின் சத்தத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்தார் ஒலிப்பதிவாளர். அப்புறம் யாருமே பேசாத, எதுவுமே ஓடாத அந்த அறையின் வெறும் அமைதியையும் ஒரு நிமிடம் பதிவு செய்தார். ரூம் டோன் என்று சொல்வது இதைத்தான். எந்த இரண்டு அறையின் அமைதியும் ஒன்றாக இருக்காது. வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்ப அந்த அறையின் அமைதியே வேண்டும். பெரியவருக்குக் காது அடைத்துக்கொண்டே போவதை ஒவ்வொரு கடிகாரமாகக் குறைத்துக் காட்ட முடிந்தது இந்தத் தனித்தனிப் பதிவால்தான். திரையிட்டபோது எல்லாரும் கேட்டது அந்தக் காட்சியைப் பற்றித்தான்.

பேத்தியாக நடித்த சிறுமிக்காகப் பெற்றோரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கியிருந்தோம். படத்துக்கு மட்டுமன்றி, போஸ்டர், டீசர், புகைப்படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கியது நல்லதாகப் போயிற்று. பின்னால் போய் ஒவ்வொன்றுக்கும் கேட்கவேண்டி வரவில்லை.

படத்தொகுப்பு மேசையில் இசையால் ஒரு தடங்கல். தற்காலிகமாக வைத்த ஒரு வயலின் துண்டு எல்லாருக்கும் பிடித்துப்போய், அதையே வைத்துக்கொள்ளலாம் என்றானது. படைப்பாளியே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைத்ததுதான். ஆனால் அந்த உரிமத்தில், மாற்றி அமைக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. நாம் ஒரு சுரத்தைக்கூட மாற்றவில்லையே என்று நினைத்தோம். ஓடும் படத்தோடு இசையை இணைப்பதே மாற்றி அமைப்பதாகும் என்று அந்த உரிமங்களின் வாசகமே சொல்கிறது. எடுத்துவிட்டோம். இசை தெரிந்த உறுப்பினர் ஒருவர் மூன்று நாளில் புதிதாக வாசித்துக் கொடுத்தார். இலவசம் என்று கண்ட இடத்தில் நிறுத்தாமல் உரிமத்தை முழுவதும் படிக்க வேண்டும் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது.

இனி குறைக்கு வருகிறேன்.

படம் முடிந்து பார்த்துவிட்டோம், கைதட்டிவிட்டோம். விழாக்களுக்கு அனுப்பலாம் என்று விண்ணப்பத்தைத் திறந்தபோதுதான் போஸ்டர், ஸ்டில்ஸ் எனப்படும் காட்சிப் புகைப்படங்கள், கதைச்சுருக்கம், இயக்குநர் குறிப்பு எல்லாம் கேட்டார்கள். நம்மிடம் ஒன்றும் இல்லை. நான்கு நாள் படப்பிடிப்பில், படத்துக்கென்று ஒரு ஸ்டில்கூட யாரும் எடுக்கவில்லை. கைபேசியில் நாம் எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கும் படங்கள் நிறைய இருந்தன. பெரியவரும் கடிகாரமும் மட்டும் இருக்கும் படம் ஒன்றும் இல்லை.

படத்திலிருந்தே ஒரு ஃப்ரேமை, அதாவது ஓட்டத்தை நிறுத்தி ஒரு தனிப் படத்தை, எடுத்துக்கொள்ளலாமே என்றுதான் முதலில் நினைத்தோம். டிசைன் செய்த மாணவர் கணக்குப் போட்டுக் காட்டினார். நாம் எடுத்தது 1920க்கு 1080 பிக்சல். ஏ3 தாளில் 300 டிபிஐ தரத்தில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அச்சிட 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். நம் ஃப்ரேம் படுக்கைவாட்டில் இருக்கிறது, போஸ்டரோ நின்றவாட்டில். நடுவில் இருந்து நிமிர்த்தி வெட்டினால் அந்தத் தரத்தில் சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு அளவுக்குத்தான் அச்சாகும். பெரிதாக்கினால் பெரியவரின் முகம் மெழுகுபோல ஆகிவிடுகிறது. இன்னொன்று, படத்தை நாம் நொடிக்கு 24 ஃப்ரேம் வீதம், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு நொடி திறந்திருக்கும்படி வைத்து எடுத்தோம். திரையில் அசைவு இயல்பாகத் தெரிவது அந்த வேகத்தால்தான். ஆனால் ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தால் அசையும் விரல் ஒவ்வொன்றும் கலங்கலாக இருக்கும். நம் கதையே விரலைப் பற்றியது.

சரி, மறுபடி போய் ஸ்டில்ஸ் எடுப்போம் என்று பெரியவர் வேடத்தில் நடித்தவரை அழைத்தோம். அவர் தாடியை எடுத்துவிட்டிருந்தார். செட்டையும் கலைத்துவிட்டோம். அவர் கொஞ்சமும் சலித்துக்கொள்ளாமல், பழைய சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். முகம் தெரியாமல் எடுக்க வேண்டும். ஜன்னல் ஓரம் உட்காரவைத்தோம். அவர் ஒரு பழைய கைக்கடிகாரத்தைக் காதோரம் கொண்டுபோனார். பாதி வழியில் கை நின்றது. காதுக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை என்று நினைவுக்கு வந்தவர்போல, கட்டைவிரலை மெல்ல அதன் பின்பக்கம் வைத்தார். நாங்கள் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்தக் கையும் காதின் ஓரமும்தான் நம் போஸ்டர்.

போஸ்டர் அழகாக இருக்கிறது என்று இன்று எல்லாரும் சொல்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அது ஒரு நல்ல மனிதர் நமக்காக ஒரு நாள் வந்ததால் கிடைத்தது. நாம் திட்டமிட்டுக் கிடைத்ததன்று. அவர் வெளியூர் போயிருந்தால் நம்மிடம் போஸ்டரே இருந்திருக்காது.

அச்சுக்குப் போகும் முன் இன்னும் இரண்டு பாடம் கற்றோம். திரையில் பளிச்சென்று இருந்த கருநீலம், அச்சு மைக்கான நான்கு வண்ண முறைக்கு மாற்றியதும் மங்கிப்போனது. திரை ஒளியால் காட்டும் நிறங்கள் எல்லாவற்றையும் மையால் கொண்டுவர முடியாது. அதனால் தொடக்கத்திலேயே அச்சு வண்ணத்தில் பார்த்துவிட வேண்டும். அடுத்து, வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக்கோடு விழாமல் இருக்க நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். முதலில் நாம் விடவில்லை. தலைப்பை முதலில் மெல்லிய எழுத்தில் வைத்திருந்தோம். கைபேசியில் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பார்த்தபோது கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படிக்க முடியவில்லை. பெரும்பாலோர் நம் போஸ்டரைப் பார்க்கப்போவது அந்த அளவில்தானே. தடித்த எழுத்தாக மாற்றினோம்.

இதைவிட வருத்தமான ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். முதல் போஸ்டரில் மைக் கம்பைப் பிடித்த உறுப்பினரின் பெயர் விடுபட்டுவிட்டது. நான்கு நாளும் கை நடுங்க நடுங்கக் கம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தவர் அவர். பெயர்ப் பட்டியலைத் தந்தவன் நான்தான், நினைவில் இருந்து எழுதினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு அதிக வேதனை. திருத்தி மறுபடி அச்சிட்டோம். இந்தப் பொதுக்குழுவில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி படப்பிடிப்பின் முதல் நாளே ஒரு தாளில் ஒவ்வொருவரும் தம் பெயரைத் தாமே, எப்படி வரவேண்டுமோ அப்படி எழுதித் தர வேண்டும். பெயர் விடுபட்டாலும் எழுத்துப் பிழையானாலும் அது சின்ன விஷயமில்லை. மாணவர் படத்தில் உழைத்தவருக்குக் கையில் மிஞ்சுவது அந்தப் பெயர் மட்டும்தான்.

டீசரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் வடிவம் ஒன்றரை நிமிடம், அதில் படத்தின் கடைசி ஷாட்டும் இருந்தது. இருப்பதிலேயே நல்ல ஷாட் அது என்பதால் வைத்தோமாம்! 12 நிமிடப் படத்துக்கு ஒன்றரை நிமிட டீசர் என்றால் எட்டில் ஒரு பங்கு வெளியே போய்விடுகிறது. படத்தைப் பார்க்காத இருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். இருவருமே முடிவைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிட்டு, கடிகாரங்கள் ஒவ்வொன்றாக அடங்கும் சத்தத்தை மட்டும் வைத்து 35 நொடிக்குச் சுருக்கினோம். கதைச்சுருக்கத்துக்கும் இதே கதிதான். "காது கேட்காமல் போனவர் விரலால் கேட்கிறார்" என்று எழுதியிருந்தோம். பேத்தி கண்டுபிடிக்க வேண்டியதை நாமே சொல்லிவிட்டோம். "தாத்தா கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்ப்பதை நிறுத்தியது ஏன் என்று ஒரு சிறுமி யோசிக்கிறாள்" என்று மாற்றினோம்.

இவற்றையெல்லாம் வைத்து, செயற்குழு ஒரு தீர்மானத்தை உங்கள் ஒப்புதலுக்கு முன்வைக்கிறது. அடுத்த படத்திலிருந்து விளம்பரப் பொறுப்பாளர் ஒருவரும் ஸ்டில்ஸ் எடுப்பவர் ஒருவரும் திரைக்கதை வாசிக்கும் நாளிலேயே நியமிக்கப்பட வேண்டும். படப்பிடிப்பில் ஒவ்வொரு காட்சிக்கும் கடைசி டேக் ஓகே ஆனதும், விளக்குகளைக் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஸ்டில்ஸுக்காக ஒதுக்க வேண்டும். நடிகர்கள் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் மறுபடி நின்று தர வேண்டும். நேரம் இல்லை என்று அன்று இயக்குநர் சொல்வார். நேரம் இருக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தை நாள் அட்டவணையிலேயே எழுதிவைத்துவிட்டால் யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்காது.

படத்தின் பிரதிகள் இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்கில் உள்ளன. ஒன்று மன்றத்தில், ஒன்று தொகுப்பாளர் வீட்டில். கடிகாரச் சத்தங்களின் தனிப்பதிவுகளையும் சேர்த்து வைத்திருக்கிறோம். மாணவர்கள் யார் கேட்டாலும் தரலாம் என்று ஒலிப்பதிவாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

படப்பிடிப்புக்கு வீட்டை விட்டுத்தந்தவர்களுக்கும், கடிகாரங்களை இரவல் தந்தவர்களுக்கும், தாடி எடுத்த பின்னும் வந்து நின்ற நம் பெரியவருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி தெரிவித்து, தீர்மானத்தையும் இந்த அறிக்கையையும் ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்