டில்பரி உரைக்குப் பக்கத்திலேயே ஹோவர்டின் கடிதத்தையும் வையுங்கள்

ஆர்மடா காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு உங்கள் வழிகாட்டி, 1588இல் ஸ்பெயின் அனுப்பிய ஆர்மடா என்ற போர்க்கப்பல் படையை எதிர்க்க டில்பரியில் திரண்ட தரைப்படைக்கு இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் ஆற்றிய உரையை அருமையாகச் சொன்னார். ஒரு சிறுமி கை தூக்கி, கப்பலில் சண்டை போட்டவர்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஜெயித்து வீடு திரும்பினார்கள் என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு அழைத்துப் போய்விட்டார்.

பலர் வீடு திரும்பவில்லை ஐயா, அது உங்களுக்குத் தெரியும். 1588 ஆகஸ்ட் 10, அதாவது டில்பரி உரைக்கு மறுநாள், ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹோவர்ட் பிரபு கடற்கரை ஊரான மார்கேட்டிலிருந்து அரசியின் பொருளாளர் பர்லி பிரபுவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறதே, அதை அந்தப் பிள்ளைகளுக்கு ஏன் காட்டவில்லை? நோய் பரவி, தங்க இடமில்லாமல் மாலுமிகள் மார்கேட் தெருக்களில் செத்து விழுகிறார்கள் என்று எழுதுகிறார். அவரே கரைக்கு இறங்கி வந்து இடம் தேடியிருக்கிறார்; கிடைத்தது தானியக் கொட்டகைகளும் அதுமாதிரியான கொட்டில்களும்தான். மாதக்கணக்கில் கடலில் கிடந்ததில் உடுப்பெல்லாம் கிழிந்துபோய், சட்டையும் காலணியும் அனுப்பாவிட்டால் சீக்கிரமே பெரும்பாலானவர்கள் அம்மணமாகத் திரிய வேண்டியதுதான் என்கிறார். 'எலிசபெத் ஜோனஸ்' என்ற ஒரே கப்பலில், புறப்பட்ட 500 பேரில் 200 பேருக்கு மேல், எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே, பிளிமத் துறைமுகத்தில் இருந்தபோதே நோயில் போய்விட்டார்கள். கப்பல் சாயாமல் இருக்க அடியில் போடும் பாரத்தை வெளியே எடுத்து, ஈரச் செடிகளைக் கொளுத்திப் புகை போட்டுப் பார்த்தார்கள். அப்படியும் நோய் விடவில்லை.

இதில் சம்பளமும் பாக்கி. இவ்வளவு வீரமாக உழைத்தவர்கள் இவ்வளவு பரிதாபமாகச் சாவதைப் பார்த்தால் யார் நெஞ்சும் வேகும் என்று எழுதியவர் வெளியாள் இல்லை, அந்தக் கடற்படையின் தலைவர். பணம் இல்லை என்று கைவிரித்த பர்லியோ, செத்தவர்கள் கணக்கில் சம்பளம் எவ்வளவு மிச்சமாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கும் அதே உரையில், சேர வேண்டியது ஒழுங்காக வந்து சேரும் என்று அரசி வாக்குக் கொடுக்கிறார். அது டில்பரியில் நின்ற தரைப்படைக்குச் சொன்னது என்பீர்கள். சரி, ஆனால் அந்தப் படை ஆர்மடாவோடு சண்டையே போடவில்லையே! போட்டவர்கள் மார்கேட்டில் கிடந்தார்கள். அதனால்தான் கேட்கிறேன், உரைக்குப் பக்கத்திலேயே அந்தக் கடிதத்தையும் வையுங்கள்.

இது ஒரு வருஷத்துக் கதையும் இல்லை. காயம்பட்ட மாலுமிகளுக்காக ஏற்பட்ட சாத்தம் நிதிக்குக்கூட மாலுமிகளின் சம்பளத்தில்தான் மாதம் ஆறு பென்ஸ் பிடித்தார்கள். 1653இல் நிர்ணயித்த சம்பளத்தை 1797 வரை ஏற்றவே இல்லை. அந்த வருஷம் போர்ட்ஸ்மத் அருகே ஸ்பிட்ஹெட்டில் மாலுமிகள் கிளர்ந்தெழுந்து கப்பல்களை நகர்த்த மறுத்தபோது கேட்டதில் ஒன்று, ஒரு பவுண்டு உணவு என்றால் 14 அவுன்ஸ் இல்லாமல் முழுப் பவுண்டுக்கான 16 அவுன்ஸாக நிறுத்துக் கொடுங்கள் என்பது. அளவில் கூடக் கை வைத்திருக்கிறார்கள்! அரசர்களின் படத்துக்கும் தளபதிகளின் வாளுக்கும் கூடம் கூடமாக இடம் இருக்கிறது, இவர்களுக்கு ஒரு பலகை போட இடமில்லையா?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உரையை எடுக்கச் சொல்லவில்லை, அது அங்கேயே இருக்கட்டும். ஹோவர்டின் கடிதத்தை அதன் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், பிள்ளைகள் படிக்கும் உயரத்தில் வையுங்கள். அடுத்த முறை ஒரு பிள்ளை அதே கேள்வியைக் கேட்டால் உண்மையைச் சொல்லும்படி வழிகாட்டிகளிடமும் சொல்லிவையுங்கள். எப்போது வைப்பீர்கள் என்று ஒரு வரி பதில் எழுதினால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர் ஒருவர்