நிறம் பார்த்து இனம் பிரிக்கும் நடுவர்களுக்கு

நாட்டு நாய்க் கண்காட்சிகளில் தீர்ப்புச் சொல்லும் பெரியோர்களுக்கு வணக்கம்.

அண்மையில் ஒரு கண்காட்சியில், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு நாய்கள் களமிறங்கின. செவலை நாய்க்குச் சிப்பிப்பாறை என்ற நாட்டு வேட்டைநாய் இனத்தின் பிரிவில் பரிசு. கருப்பு உடம்பும், கண்ணுக்கு மேல் பொட்டும், பழுப்புக் கால்களுமாக இருந்ததற்குக் கன்னி என்ற இனத்தின் பிரிவில் பரிசு. தாய் ஒன்று, தகப்பன் ஒன்று, இனம் மட்டும் இரண்டா? (வளர்த்தவருக்கு இரண்டு கோப்பை, அவர் ஏன் வாய் திறக்கப் போகிறார்?)

அந்தப் பொட்டு நிறம் மரபில் ஒடுங்கிய பண்பு. பெற்றவை இரண்டும் செவலையாக இருந்தாலும், இரண்டிடமும் அது மறைந்திருந்தால் சில குட்டிகளில் வெளிப்படும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஒன்றுதான் என்று சொல்லும் கரிசல்காட்டுப் பெரியவர்கள் உண்டு. வேறுதான் என்று மல்லுக்கு நிற்பவர்களும் உண்டு. எந்தக் கட்சியானாலும் வம்சாவளி கேட்காமல் முடிவு சொல்ல முடியாது.

என் பெரிய கவலை, கிரேஹவுண்ட் என்ற வெளிநாட்டு நாயின் கலப்பு. அதை நிறம் காட்டிக்கொடுக்காது. பின்தொடையைப் பாருங்கள். ஓட்டப் பந்தயத்துக்கென்றே வளர்த்தெடுத்த கிரேஹவுண்டுக்குத் தொடையிலும் முதுகிலும் சதை திரண்டிருக்கும். ஆண் நாய் 30 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். நம் நாய் அவ்வளவு கனக்காது. தசை நீண்டு ஒட்டியிருக்கும். கலப்பு நாய் ‘கம்பீரமாக’ இருப்பதால் பரிசும் அதற்கே போகிறது. அடுத்த வருடம் எல்லோரும் அதையே இணை சேர்க்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, ஒல்லியாகக் காட்டப் பட்டினி போட்டுக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். விலா எலும்பு லேசாகத் தெரிவது இந்த நாய்களுக்கு இயல்பு. இடுப்பெலும்புக்கு முன்னால் முதுகில் கை வைத்துப் பாருங்கள். தண்டெலும்பின் இருபுறமும் சதை தட்டுப்படாமல் முள் முள்ளாகக் குத்தினால் அது வேட்டை உடம்பல்ல, பட்டினி.

வெள்ளையெல்லாம் ராஜபாளையம், கருமூஞ்சியெல்லாம் கோம்பை என்று விற்கும் சந்தைக் கூத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் சிப்பிப்பாறையைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. அந்தப் பெயரில் பரிசு கொடுக்கும் நீங்கள், பெயர் பதியும்போதே தாய், தகப்பன் விவரத்தையும் உடன்பிறப்புகளின் நிறத்தையும் எழுதி வாங்குங்கள். எடை போடுங்கள். கம்பளத்தில் நான்கடி நடக்கவிடுவதோடு நிறுத்தாமல், வேலி போட்ட திடலில் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
கரிசல்காட்டில் நாய் வளர்க்கும் ஒருவன்