செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், விடுமுறை நாளின் காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்தவற்றை அவையின் முன் வைக்கிறேன்.

இந்த ஆண்டு ஏழு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் கட்டைப் பொம்மைகள் செய்யும் லெகோ நிறுவனம் 1977இல் கொண்டுவந்த டெக்னிக் வகைக் கட்டைகள், கியர்கள், ஆக்சில்கள் (சுழலும் தண்டுகள்), மோட்டார்களைக் கொண்டு பாறையும் மணலும் ஏறி இறங்கும் வண்டிகளைக் கட்டுகிறவர்கள் நாம். பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்துக் கட்டி அலமாரியில் வைப்பதோடு நிற்பவர்கள் அல்ல. கோவையில் லேத் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள் நம்மில் பலர் என்பதால் பசை போட்டு ஒட்டுவதும், ஆக்சிலை அறுப்பதும், இரும்புத் துண்டைச் செருகுவதும் நமக்கு மிக எளிது. அதை ஒருவரும் செய்வதில்லை என்பதுதான் நம் முதல் விதி. கட்டையைக் கட்டையாகவே வைத்து அதன் எல்லை வரை போய்ப் பார்ப்பதில்தான் இந்தக் கலையே இருக்கிறது.

மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு கூடுகிறோம். பன்னிரண்டில் பத்துக் கூட்டங்கள் நடந்தன. இரண்டை மழை கொண்டுபோனது.

இந்த ஆண்டின் முக்கிய நிகழ்ச்சி ஆகஸ்டில் பாறைக்குழியில் நடந்த போட்டி. ஐரோப்பாவில் உண்மையான லாரிகளை வைத்து நடத்தும் டிரக் டிரையல் போட்டியின் விதிகளைச் சிறிதாக்கி வைத்துக்கொண்டோம். இரண்டு குச்சிகளுக்கு நடுவே வண்டி நுழைந்து வெளியேற வேண்டும். குச்சியைத் தொட்டால் புள்ளி குறையும், கையால் தூக்கிவிட்டால் இன்னும் அதிகம் குறையும். வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. இறங்கிய ஒன்பது வண்டிகளில் பாதையை முடித்தவை இரண்டே. மற்ற ஏழும் ஒரே இடத்தில், ஓர் அடி உயரம்கூட இல்லாத ஒரு பாறைப் படியில் நின்றுவிட்டன.

நின்ற விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே பதிவு செய்ய விரும்புகிறேன். முன்சக்கரம் படியில் பதிந்தது. மோட்டார் சுற்றியது, சக்கரம் அசையவில்லை. அரைச் சுற்று, முக்கால் சுற்று என மோட்டார் மேலும் மேலும் திருகிக்கொண்டே போனது. பிறகு “டக் டக்” என்று கியர் பல் தாவும் ஓசை. என் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து பிரித்து, முன் ஆக்சிலை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தோம். டெக்னிக் ஆக்சிலின் குறுக்குவெட்டு கூட்டல் குறி போல இருக்கும், நான்கு விளிம்புகளும் நேர்கோட்டில் ஓடும். என் ஆக்சிலில் அவை கை முறுக்கின் வரிகளைப் போலச் சுற்றிக்கொண்டு கிடந்தன.

நம் மூத்த உறுப்பினர், கியர் வெட்டும் வேலையிலேயே வாழ்நாளைக் கழித்த ஐயா, அதைக் கையில் எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “மோட்டார் மேல ஒரு குறையும் இல்லை கண்ணு. வலுவைப் பிறக்கிற இடத்திலேயே பெருக்கிவிட்டாய். பெருத்த வலுவை இந்தச் சின்னக் குச்சி எவ்வளவு தூரம் சுமக்கும்?” என்றார்.

செப்டம்பர் கூட்டம் முழுவதும் இந்த ஒரு கேள்வியிலேயே போயிற்று. நம்மில் பெரும்பாலோர் லெகோவின் பெரிய மோட்டாரான எக்ஸ்எல் மோட்டாரை ஒட்டினாற்போல எட்டுப் பல் கியரையும் இருபத்து நான்கு பல் கியரையும் வைத்து வேகத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்துவிடுவோம். அப்போது திருப்புவிசை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அந்த மூன்று மடங்கையும் நீளமான ஆக்சில், அதன் நடுவிலுள்ள வளைந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் யூனிவர்சல் இணைப்பு, இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் என எல்லா உறுப்புகளும் சுமந்து சக்கரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதே இரண்டு கியர்களைச் சக்கரத்தின் ஓரத்தில் வைத்தால் வழியிலுள்ள உறுப்புகள் மூன்றில் ஒரு பங்கைத்தான் சுமக்கும், பெருக்கம் கடைசி இடத்தில் நடக்கும். கனரக லாரிகளின் சக்கரக் குடத்திலேயே கியர் இருப்பது இதற்காகத்தான் என்று ஐயா சொன்னபோது, இத்தனை ஆண்டுகள் பின்னாலிருந்து லாரிகளைப் பார்த்துக்கொண்டு போயும் ஒருநாளும் கேட்டதில்லையே என்று தோன்றியது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. எட்டுப் பல் கியர் மேலும் இருபத்து நான்கு பல் கியர் கீழுமாக நின்றால் இரண்டின் மையங்களுக்கும் இடையே சரியாக 16 மில்லிமீட்டர், அதாவது கட்டையின் மேலுள்ள குமிழ் கணக்கில் இரண்டு குமிழ் தூரம் கிடைக்கிறது. அந்த அளவுக்கு ஆக்சில் சக்கரத்தின் மையத்தை விட்டு மேலே ஏறிவிடுகிறது. போர்ட்டல் ஆக்சில் என்பது இதுதான். கரடுமுரடான பாதைக்கென்றே செய்த யூனிமாக் லாரி கல்லையும் மரக்கட்டையையும் வயிறு தட்டாமல் தாண்டுவது இந்த அமைப்பால்தான். லெகோ 2011இல் வெளியிட்ட யூனிமாக் தொகுப்பிலும் இது இருக்கிறது. நம் வண்டிகளுக்கு 16 மில்லிமீட்டர் என்பது சிறிய எண் அன்று. ஆகஸ்டில் பாறை உரசிய இடங்கள் பெரும்பாலும் டிஃபரன்ஷியலின் அடிவயிறுதான்.

விலையில்லாமல் எதுவும் வரவில்லை. குடத்தில் கியர் ஏறியதும் வண்டி அகலமாயிற்று. சக்கரம் திரும்பும் அச்சு டயரை விட்டு உள்ளே தள்ளிப்போனதால் வண்டியைத் திருப்பும் சர்வோ மோட்டார், சக்கரத்தைக் கல்லுக்கு எதிராகத் திருப்பத் திணறியது. இரண்டு உறுப்பினர்கள் 2019இல் வந்த 4×4 எக்ஸ்ட்ரீம் ஆஃப்ரோடர் தொகுப்பின் சக்கரக் குடங்களைத் தனியாக வாங்கிப் பொருத்தினார்கள். நடுக் கியரைச் சுற்றிச் சிறு கியர்கள் கோள்களைப் போல ஓடும் கோள் கியர் அவற்றுக்குள் இருக்கிறது. ஐந்து மடங்குக்கும் மேல் வேகத்தைக் குறைத்துத் தருகிறது, இடமும் அடைப்பதில்லை. என்றாலும் கையால் கட்டிய போர்ட்டல் குடத்தின் மேல்தான் எனக்கு இன்னும் மனம் போகிறது. பல் தேய்ந்தால் தெரிகிறது, பிரித்துப் பார்க்க முடிகிறது. ஜனவரியில் அதே பாறைக்குழியில், அதே படியில் எட்டு வண்டிகள் இறங்கின. ஆறு மேலே ஏறின.

அடுத்தது ரிமோட் பற்றிய விவாதம். 2007இல் வந்த பவர் ஃபங்ஷன்ஸ், அதாவது லெகோவின் மோட்டார்-ரிமோட் வரிசை, அகச்சிவப்புக் கதிரில் இயங்குவது. வீட்டுக் கூடத்தில் நன்றாகவே வேலை செய்யும். பாறைக்குழியின் பதினோரு மணி வெயிலில் ரிசீவருக்குக் கதிரும் வெயிலும் வேறுபாடு தெரிவதில்லை. உற்சவருக்குப் பிடிப்பது போல வண்டிக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு ஒருவர் கூடவே நடக்க வேண்டியிருந்தது. ஹங்கேரியின் எஸ்பிரிக், ஸ்லோவேனியாவின் புவிஸ் ஆகிய வெளி நிறுவனப் புளூடூத் கருவிகளுக்கு வெயில் ஒரு பொருட்டல்ல. ஆனால் புவிஸ் மோட்டாருக்குக் கூடுதல் மின்னழுத்தமும் தரக்கூடியது. பழைய பேட்டரிப் பெட்டியில் ஆறு சார்ஜ் ஏற்றும் செல்களைப் போட்டால் 7.2 வோல்ட்தான் கிடைக்கும். இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமில்லை என்பது என் கருத்து. செயற்குழுவும் ஏற்றது. வரும் ஆண்டு முதல் இரண்டு பிரிவுகள்: லெகோவின் சொந்த மின்பாகங்கள் மட்டும் உள்ளவை ஒன்று, மற்றவை ஒன்று. முதல் பிரிவின் போட்டி காலை ஒன்பதுக்குள் முடிந்துவிடும்.

பாகங்கள் கிடைப்பது கடினமாகிக்கொண்டே வருகிறது. பவர் ஃபங்ஷன்ஸ் வரிசையை நிறுவனம் நிறுத்திவிட்டது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு சர்வோவை வரவழைப்பதற்குள் மாதச் செலவு இடித்துவிடுகிறது. விலை குறைவு என்று ஒரு விற்பனையாளரிடம் நகல் கியர்களை மொத்தமாக வாங்கினோம். துளை தளர்ந்திருந்தது. நான்காம் ஏற்றத்திலேயே ஆக்சில் உள்ளே வழுக்கியது. அந்தப் பணம் போனது போனதுதான். இப்போது பொதுப் பாகப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். எடுப்பவர் ஏட்டில் எழுதிவிட்டு எடுக்க வேண்டும். எழுதாமல் எடுத்த எட்டுப் பல் கியர்கள் இன்னும் திரும்பி வரவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

நவம்பரில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இரண்டு சனிக்கிழமைகள் செலவிட்டோம். முதல் வாரம் மோட்டாரே கொடுக்கவில்லை. கையால் சுற்றும் பிடியைக் கொடுத்தோம். எந்த கியர் விரலுக்கு இலகுவாக இருக்கிறது என்று கைக்குத் தெரிந்த பிறகே மோட்டார். இரண்டாம் வாரம், சரிவில் வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்துகொண்டே இருந்தது. நாங்கள் பேட்டரிப் பெட்டியைக் கீழே இறக்குவது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி மதிய இடைவேளையில் சைக்கிள் கடைக்குப் போய்ப் பழைய பால்ரஸ் குண்டுகளை வாங்கி வந்தாள். துணியில் சுற்றி நான்கு டயர்களுக்குள்ளும் திணித்தாள். எடை முழுதும் தரைக்குப் பக்கத்தில் போய்விட்டது, வண்டி கவிழவில்லை. டயருக்குள் எடை சேர்க்கலாம் என்று போட்டி விதியில் சேர்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு ஆயுள் சந்தா இலவசம் என்ற செயற்குழு முடிவுக்கு இந்த அவையின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

பாதுகாப்பு பற்றி ஒன்று. டிசம்பர் கூட்டத்தில் ஒரு லித்தியம் பேட்டரி சார்ஜில் இருக்கும்போதே உப்பியது. உடனே பிடுங்கி வெளியே மணல் வாளியில் போட்டதால் ஆபத்தில்லை. இனி யாரும் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. மணல் வாளி எப்போதும் கதவருகே இருக்கும், அதில் பீடித் துண்டுகளைப் போட வேண்டாம்.

பாறைக்குழியிலிருந்து வந்ததும் கட்டைகளைத் தண்ணீரில் அலசி, பழைய பல் துலக்கியால் துளைகளைத் தேய்த்துவிடுங்கள். நுண்மணல் ஆக்சில் துளைகளை அரித்துவிடுகிறது. மோட்டாரை மட்டும் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எண்ணெயும் விட வேண்டாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, காரணம் மேலே சொன்ன நகல் கியர்கள்.

கடைசியாக ஒரு தீர்மானம். கூட்டம் இதுவரை பட்டறையின் மாடியில் நடந்து வந்தது. ஐயாவுக்கு முழங்கால் வலி. ஜனவரிப் போட்டியின் வெற்றியைக்கூட அவர் மாடிப்படியின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் கேட்டார். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வரவில்லை. வண்டிகள் படி ஏறக் கற்றுத்தந்தவர் கீழே நிற்க, நாம் மேலே கூடியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தரைத்தளத்து லேத் அறையை ஞாயிறு மட்டும் தருவதற்குப் பட்டறை உரிமையாளர் இசைந்திருக்கிறார். ஆனால் சனிக்கிழமை வேலையின் இரும்புச் சீவலையும் எண்ணெய்க் கறையையும் நாம்தான் துடைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் ஞாயிறுதோறும் காலை எட்டரைக்கு வந்து பெருக்க நான்கு பேர் வேண்டும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்