எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

ஐயா,

காசிமேட்டில் வாடகை வீட்டு மொட்டைமாடிதான் என் பட்டறை. அறுந்த நைலான் வலை, உடைத்த படகின் பலகை, துருப்பிடித்த ஆணி, இவைதான் என் கலைப்படைப்புகளுக்குச் சரக்கு. வலையை இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை எடுக்காவிட்டால் பசை நிற்காது. ஆணிக்கு வார்னிஷ் பூசாவிட்டால் மழைக்காலத்தில் துரு கசிந்து வண்ணத்தில் இறங்கிவிடும். (அந்தக் கறை சில சமயம் நான் தீட்டியதைவிட நன்றாக இருக்கும், அது வேறு விஷயம்.)

போன மாதம் ஒரு கண்காட்சிக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் ஓவியம், சிற்பம் என இரண்டே கட்டங்கள். கேட்டால், "குப்பையெல்லாம் எடுக்கிறதில்லைங்க" என்றார்கள். பிகாசோ 1942-லேயே பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத்தலை செய்துவிட்டார். சரி, அவரை விடுங்கள். பல பொருள்களைச் சேர்த்துச் செய்யும் இந்த மாதிரிக் கலைக்கு 'கலப்பு ஊடகம்' என்று மூன்றாவது கட்டம் போட என்ன செலவாகும்?

– ஒரு வாசகர், காசிமேடு