வெங்காயம் குடித்த எண்ணெய்

நீர்வேலி
11.09.2022

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். நீயும் மருமகனும் பேரனும் லண்டனில் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தன் துணை.

போன ஞாயிறு நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஏன் அப்பா இந்த வயதில் மண்ணெண்ணெய்க்கு அலைந்து தோட்டம் செய்கிறீங்கள்? காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, நான் அனுப்புகிற காசில் கடையில் வாங்கிச் சாப்பிடுங்கோ" என்றாய். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போய்விட்டது. நீ சொன்னது என் மேல் உள்ள அக்கறையால்தான் என்று தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி ஒரு கிழமையாக மனதுக்குள் கிடக்கிறது. அதுதான் ஆறுதலாக எழுதுகிறேன்.

நல்லூர்த் தேருக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது, ஓகஸ்ட் 21 நள்ளிரவோடு மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறவில்லை, ஒரே இரவில் ஏறியது. பெற்றோலும் டீசலும் ஏறியபோது வாகனம் வைத்திருப்பவர்கள் சத்தம் போட்டார்கள். மண்ணெண்ணெய் ஏறினால் அடிபடுவது கடலுக்குப் போகிறவனும், கிணற்றில் மிசின் வைத்து இறைக்கிறவனும், காஸ் வாங்க வழியில்லாத வீடும்தான். அவர்களுடைய சத்தம் கொழும்பு வரை கேட்பதில்லை.

என்னுடைய கணக்கைச் சொல்கிறேன், பார். வழக்கமாக எட்டுப் பரப்பில், அதாவது அரை ஏக்கரில், வெங்காயம் நடுவேன். இந்த முறை நாலு பரப்புத்தான். அதற்கு ஒரு தடவை தண்ணீர் கட்ட மூன்று மணித்தியாலம் மிசின் ஓடவேண்டும், மூன்று லீற்றர் எண்ணெய் போகும். முன்பு 261 ரூபா, இப்போது 1,020 ரூபா. நட்டதிலிருந்து கிண்டும் வரைக்கும் பதினெட்டுத் தடவையாவது இறைக்கவேண்டும். பழைய விலையில் முழுப் போகத்துக்கும் 4,700 ரூபாவுக்குள் முடிந்த இறைப்பு, புது விலைக்கு 18,000 ரூபாவைத் தாண்டுகிறது. இதைவிட மிசினை ஸ்ரார்ட் பண்ண முதலில் கொஞ்சம் பெற்றோல் விடவேண்டும். சூடு ஏறினபிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். அந்தப் பெற்றோலை மோட்டார் சைக்கிளுக்குப் பங்கீட்டில் கிடைக்கிற கிழமைக்கு 4 லீற்றரில் இருந்துதான் எடுக்கிறேன். ஒரு சின்னப் போத்தலில் விட்டு, மூடியை இறுக்கிப் பூட்டி, அம்மா கை வைக்காத இடத்தில் வைத்திருக்கிறேன்.

இறைக்கிற செலவு மட்டும் என்றால் பரவாயில்லை. உழவுக்கு வருகிற உழவு இயந்திரக்காரர் டீசல் விலையைச் சொல்லித்தான் கூலி பேசுகிறார். டீசல் இந்த வருசத் தொடக்கத்தில் 121 ரூபா, இப்போது 430 ரூபா. அவரைக் குறை சொல்ல ஏலாது. வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்குக் கூலி. அங்கே நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் கழிவு என்று காசில்லாமல் எடுக்கிற வழக்கம் எப்போதும்போல இருக்கிறது. இத்தனை வருசமாக அதை ஒருவரும் நிறுத்தவில்லை என்பது எனக்கு மனவருத்தம். அதுக்குப் பிறகு வாங்குகிற வியாபாரி லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பவேண்டும், ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அந்த லொறிக் கூலியை அவர் தன் கையிலிருந்து கொடுப்பதில்லை. பாதியை எனக்குத் தருகிற விலையில் குறைக்கிறார், மீதியை அங்கே வாங்குகிற சனத்தின் தலையில் ஏற்றுகிறார்.

இப்போது நீ சொன்ன கடைக்கு வருவோம். நம் சந்தியில் இருக்கிற கடையில் கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் நுவரெலியாவில் இருந்து தம்புள்ளைக்கு வந்து, அங்கே இறங்கி ஏறி, பிறகு வன்னி தாண்டி இங்கே வருகிறது. பருப்பும் சீனியும் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி வருகிறது. பாண் போறணைக்கு விறகு ஏற்றி வருகிறவனுக்கும் டீசல் வேண்டும். ஒரு மீன் என்று எடுத்தாலும், படகு எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுத்தானே பிடித்து வரவேண்டும்? நான் மிசினை நிற்பாட்டினால் எண்ணெய்ச் செலவில் இருந்து தப்பிவிடுவேன் என்று நினைக்கிறாய். தப்ப முடியாது, பிள்ளை. கடையில் கிடக்கிற வெங்காயமும் எண்ணெய் குடித்த வெங்காயம்தான். என் தோட்டத்து வெங்காயம் எவ்வளவு குடித்தது என்றாவது எனக்குத் தெரியும். இன்னொன்று, செலவு கட்டாது என்று என்னைப்போல எல்லோரும் பாதிப் பரப்பில் நட்டால், அடுத்த மாதம் சந்தைக்கு வருகிற வெங்காயமும் பாதிதான். அப்போது விலை எங்கே போகும் என்று நீயே யோசித்துப் பார். கொழும்பில் ஓகஸ்ட் மாதப் பணவீக்கம் 64 வீதம், உணவுப் பொருளுக்கு மட்டும் 93 வீதத்துக்கு மேல் என்று செய்தியில் சொன்னார்கள். அந்த 93 எப்படி வந்தது என்று படிக்காத என்னாலேயே சொல்லமுடிகிறது.

நீ அங்கேயும் விலை ஏறிப்போய்விட்டது, யூலையில் பெற்றோல் லீற்றர் 190 பென்ஸைத் தாண்டியது என்று சொன்னாய். உக்ரைன் யுத்தத்தால் உலகம் முழுக்க ஏறியது உண்மைதான். ஆனால் உங்கள் பவுண் எங்கள் ரூபாவைப்போல விழவில்லை. எங்களுக்கு எண்ணெய் ஏறிய அதே நேரத்தில் ரூபாவும் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் வைகாசியில் 360 ரூபா. கப்பலுக்குக் கொடுக்க அந்த டொலரும் கையில் இல்லை. அதனால்தான் வருசத் தொடக்கத்தில் 177 ரூபா இருந்த பெற்றோல் ஆனி மாதம் 470 ரூபா வரை போனது. இப்போது 450 ரூபா.

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். 87 ரூபா என்று பலகையில் எழுதியிருந்த காலத்தில் எண்ணெய் கிடைக்கவில்லை. ஆனி, ஆடியில் கானைக் கட்டிக்கொண்டு விடிய நாலு மணிக்கே எண்ணெய் விற்கிற செட்டடிக்குப் போவேன். எனக்கு முன்னாலேயே இருநூறு கான்கள் கயிற்றில் கோத்து வரிசையில் இருக்கும், ஆட்கள் மதிலோரம் படுத்திருப்பார்கள். பின்னேரம் வெறும் கானோடு திரும்பி வந்த நாள்தான் கூட. இப்போது விலை கொடுத்தால் ஓரளவுக்குக் கிடைக்கிறது. கிடைக்காத பொருளுக்கு மலிவு விலை என்பது ஒரு விலையே இல்லை என்று எனக்கும் விளங்குகிறது. ஆனால் நாலு மடங்கை ஒரே நாளில் ஏற்றினால் தோட்டக்காரன் எங்கே போவான்? அவனுக்கென்று ஒரு மானியத்தை முதலில் வைத்துவிட்டு ஏற்றியிருக்கலாம். இதை யாரிடம் சொன்னாலும் தலையை ஆட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டாய். காஸ் அடுப்பு குசினி மூலையில் துணி போட்டு மூடியிருக்கிறது. போன வருசம் 1,493 ரூபா விற்ற சிலிண்டர் சித்திரையில் 4,860 ரூபா ஆனதோடு அம்மா அதை விட்டுவிட்டாள். இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் அவள் திரும்பத் தொடவில்லை. பின்பக்கத்து அடுப்பில் பன்னாடையும் பொச்சும் கங்குமட்டையும் எரிகிறது. காலைச் சமையலோடு மத்தியானத்துக்கும் சேர்த்துச் சமைத்து, தணலில் சட்டியை வைத்துவிடுகிறாள். புகையில் அவளுக்குக் கண் எரிகிறது, அதுதான் எனக்குக் கவலை. பால்மாவை விட்டுவிட்டோம், தேத்தண்ணிதான். கடையில் சாமான் வாங்குகிறவர்களும் முன்போல ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று கேட்பதில்லை. கால் கிலோ சீனி, நூறு கிராம் பருப்பு, அரைப் போத்தல் சமையல் எண்ணெய் என்றுதான் கேட்கிறார்கள். கடைக்காரர் பருப்பைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார்.

உன்னுடைய பழைய லுமாலா சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா? நீ பள்ளிக்கூடம் போன சைக்கிள். மாட்டுக்கொட்டிலில் தூசியோடு கிடந்ததை எடுத்து, இரண்டு ரயரும் ரியூப்பும் மாற்றி, பிறேக் கட்டை போட்டு இப்போது நான்தான் ஓடுகிறேன். கரியலில் ஒரு சாக்கு வைத்துக் கட்டினால் 30 கிலோ வரை சந்தைக்குக் கொண்டுபோகலாம். சைக்கிள் திருத்துகிற கடையில் முன்பு பகல் முழுக்கச் சும்மா பேப்பர் வாசித்துக்கொண்டு இருப்பார்கள், இப்போது காலையிலேயே நாலைந்து பேர் காத்து நிற்கிறார்கள்.

இதெல்லாம் தாங்கலாம். யுத்த நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் இதைவிட மோசமாக இருந்தோம். தொண்ணூறுகளில் எண்ணெயே உள்ளே விடாமல் இருந்தபோது, ஜாம் போத்தலில் திரி போட்டு ஏற்றின வெளிச்சத்தில்தான் உன் அக்கா ஏடு தொடங்கியது. மோட்டார் சைக்கிளை இரண்டு சொட்டுப் பெற்றோல் ஊதி ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினோம். அதனால் வாழத் தெரியாது என்று நீ பயப்படவேண்டாம்.

எனக்கு மனம் நோகிறது வேறு ஒரு இடத்தில். அக்கா கிளிநொச்சியில் இருந்து சித்திரை வருசத்துக்குப் பிறகு வரவில்லை. மோட்டார் சைக்கிளில் இங்கே வந்து திரும்ப மூன்று லீற்றர் வேண்டும். கிழமைக்கு 4 லீற்றர் என்றால், வந்து போனால் அத்தான் வேலைக்குப் போக ஒரு லீற்றர்தான் மிஞ்சும். பஸ்ஸில் வரலாம், ஆனால் நாலு பேருக்கு ரிக்கற். ஆகக் குறைந்த கட்டணமே 40 ரூபா வரை போய் இப்போதுதான் 34 ரூபாவுக்கு இறங்கியிருக்கிறது. முன்பு மாதம் இரண்டு தடவை வந்து, போகும்போது மரக்கறியும் வாழைக்குலையும் கட்டிக்கொண்டு போகிற பிள்ளை. போன மாதம் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணர் செத்த வீட்டுக்கும் எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் வரவில்லை. யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை, எல்லோருக்கும் காரணம் தெரியும். அப்படிக் கோபிக்காமல் விடுகிறதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வருசம் வராமல் பழகிவிட்டால், பெற்றோல் மலிந்தபிறகும் வரத் தோன்றாது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். தோட்டத்தை விடச் சொல்லாதே. கூடுதலாக அனுப்புகிறேன் என்று சொன்ன காசை எனக்கு அனுப்பவேண்டாம், அக்காவுக்கு அனுப்பு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வர என்று சொல்லி அனுப்பு, இல்லாவிட்டால் அவள் அதை வீட்டுச் செலவுக்குள் போட்டுவிடுவாள். நான் கேட்டேன் என்று சொல்லாதே. வெங்காயம் புரட்டாதிக் கடைசியில் கிண்டலாம், அந்த நேரம் வந்தால் நல்லது. பேரப்பிள்ளைகள் பிடிகட்ட உதவியாக இருப்பார்கள்.

நம் ஊர்ப் பிள்ளை ஒன்று அடுத்த மாதம் லண்டனுக்கு வருகிறதாம். அம்மா உனக்கு மிளகாய்த்தூள் இடித்து, ஒடியல் மாவும் கட்டி வைத்திருக்கிறாள். தூளை விறகடுப்பில்தான் வறுத்தாள், கொஞ்சம் புகை மணம் இருக்கும்.

நாளை தண்ணீர் முறை எனக்கு. வெயில் ஏறமுதல் இறைத்து முடிக்கவேண்டும், இத்துடன் நிறுத்துகிறேன்.

அன்புடன்,
அப்பா