முதல் பக்கமும் மூன்றாம் பக்கமும்

அன்புள்ள நண்பா,

உன் நீண்ட கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். தங்கையின் ரத்த அழுத்தம் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது. எனக்குக் கண்புரை எடுத்த பிறகு பொடி எழுத்தும் தெரிகிறது. அதனால் படிப்பும் கூடிவிட்டது, படித்ததை யாரிடமாவது சொல்லித் தொல்லை கொடுப்பதும் கூடிவிட்டது. இந்த முறை அகப்பட்டவன் நீ.

எண்ணூறு கோடிப் பேரைப் பூமி எப்படித் தாங்கும் என்று முதல் பக்கம் முழுவதும் புலம்பியிருக்கிறாய். மூன்றாம் பக்கத்துக்கு வந்தால், மகனும் மருமகளும் ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டார்களாம், பேரனுக்குத் துணைக்கு ஒரு தங்கை இல்லையாம், அதற்கும் புலம்பல். இரண்டையும் ஒரே உறையில் போட்டு ஒட்டும்போது உனக்குச் சிரிப்பு வரவில்லையா? கேலிக்காகக் கேட்கவில்லை. உன் முதல் பக்கத்துக் கேள்விக்கு உன் மருமகள் மூன்றாம் பக்கத்தில் பதில் சொல்லிவிட்டாள் என்பதே என் எண்ணம்.

உன் பயம் ஆதாரம் இல்லாதது அல்ல. உலக மக்கள்தொகை முதல் நூறு கோடியைத் தொட்டது 1804 வாக்கில். அடுத்த நூறு கோடிக்கு 1927 வரை ஆயிற்று. மூன்றாவது 1960-ல், நான்காவது 1974-ல், பிறகு 1987, 1999, 2011, 2022. நாம் பள்ளியில் படிக்கும்போது முந்நூறு கோடியாக இருந்தது, நம் தலை நரைப்பதற்குள் எண்ணூறு கோடியாகிவிட்டது. இத்தனைக்கும் மனிதர்கள் முன்பைவிட அதிகமாகப் பெற்றதாலல்ல இந்தப் பெருக்கம். பெற்றது பத்து, பிழைத்தது நான்கு என்று பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறோமே, அந்தக் கணக்கு மாறியதால் வந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிறந்த பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கு, ஐந்து வயதுக்குள் இறந்துபோயின. இன்று நூற்றில் நான்குக்கும் குறைவு. மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பேரழிவு என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்வதில்லை.

எல்லை எங்கே என்று கணக்குப் போட்டவர்களின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. நுண்ணோக்கியில் முதன்முதலாக நுண்ணுயிர்களைக் கண்ட லேவன்ஹூக், 1679-ல் ஹாலந்தின் மக்கள் நெருக்கத்தை எடுத்து, பூமியின் வாழத்தக்க நிலத்தோடு பெருக்கி, 1,340 கோடிப் பேர் வாழலாம் என்றார். முந்நூற்று ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அந்த எண் அபத்தமாகத் தெரியவில்லை. பிறகு 1798-ல் ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் மால்தஸ் வந்தார். மக்கள் பெருக்கல் வரிசையில் பெருகுவார்கள், உணவு கூட்டல் வரிசையில்தான் கூடும், மிச்சத்தைப் பசியும் நோயும் போரும் கவனித்துக்கொள்ளும் என்றார். (மூன்று பிள்ளைகள் பெற்ற பாதிரியார் அவர்.) அவரை ஏளனம் செய்வது சுலபம். ஆனால் அவருக்கு முந்தைய நூற்றாண்டுகளுக்கு அவர் சொன்னது பெருமளவு பொருந்தும். அது பொருந்தாமல் போகத் தொடங்கிய காலத்தில் எழுதினார் என்பதுதான் அவருடைய துரதிர்ஷ்டம்.

பெல்ஜியத்துக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட்டை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். வளர்ச்சி முதலில் வேகமெடுத்து, பிறகு எல்லையை நெருங்க நெருங்கத் தளர்ந்து, கடைசியில் மட்டமாகிவிடும் வளைகோட்டை 1838-ல் எழுதிக் காட்டியவர். அழகான சமன்பாடு. இன்றும் உயிரியல் மாணவர்கள் அதைப் படிக்காமல் தப்ப முடியாது. அதை வைத்துத் தன் நாட்டின் உச்ச மக்கள்தொகை 66 லட்சம் என்று 1845-ல் கணக்கிட்டார். இரண்டே ஆண்டுகளில் அதைத் திருத்தி 94 லட்சம் என்றார். இன்று பெல்ஜியத்தில் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். 1920-ல் பெர்ல், ரீடு என்ற இரண்டு அமெரிக்கர்கள் அதே வளைகோட்டைத் தங்கள் நாட்டுக்குப் பொருத்தி, உச்சம் 19 கோடியே 70 லட்சம் என்றார்கள். 1960-கள் முடிவதற்குள் அமெரிக்கா அதைத் தாண்டிவிட்டது, இப்போது 33 கோடிக்கும் மேல். வளைகோட்டின் வடிவத்தில் பிழை இல்லை. எல்லை என்பதை அசையாத சுவராக எடுத்துக்கொண்டார்கள், அங்கேதான் சறுக்கல்.

எல்லோரையும் மிஞ்சியவர் இயற்பியலாளர் ஹைன்ஸ் வான் ஃபோர்ஸ்டர். 1960-ல் அவரும் இரண்டு சகாக்களும் இரண்டாயிரம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை ஒரு சூத்திரத்துக்குள் அடக்கி, 2026 நவம்பர் 13, வெள்ளிக்கிழமையன்று மனித எண்ணிக்கை முடிவிலியைத் தொடும் என்று 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். பாதி எச்சரிக்கை, பாதி குறும்பு. ஆனால் அதுவரையிலான எண்களுக்கு அந்தச் சூத்திரம் கச்சிதமாகப் பொருந்தியது என்பதை மறந்துவிடாதே. அவர்கள் எழுதிய அதே பத்தாண்டுக்குள் வளர்ச்சி வேகம் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேலே போய், உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கிவிட்டது. இன்று ஒரு சதவீதத்துக்கும் கீழே. நான் உட்கார்ந்து போட்ட கணக்கு ஒன்றையும் கேள்: 1960-ன் முந்நூறு கோடி, ஆண்டுக்கு இரண்டு சதவீதம் என்று விடாமல் பெருகினால், சுமார் 550 ஆண்டுகளில் பூமியின் நிலப்பரப்பில் சதுர மீட்டருக்கு ஒருவர் நிற்க வேண்டியிருக்கும், பாலைவனம், பனிமலை எல்லாவற்றையும் சேர்த்து. ஆகவே வளர்ச்சி நின்றே தீரும் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. எது நிறுத்தும் என்பதுதான் கேள்வி.

இயற்கை நிறுத்தினால் எப்படி நிறுத்தும் என்பதற்குச் செயின்ட் மேத்யூ தீவைப் பார். அலாஸ்காவுக்கு மேற்கே, பெரிங் கடலில் இருக்கிறது. 1944-ல், போர்க்காலத்தில், அங்கிருந்த அமெரிக்கப் படையினரின் அவசர உணவுக்காக 29 துருவ மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். போர் முடிந்தது, ஆட்கள் போய்விட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. அவற்றைக் கொன்று தின்னும் விலங்கு அங்கே இல்லை. குளிர்காலத்தில் மேய லைக்கன் என்ற பாசி போன்ற உயிரி தரையெல்லாம் தடிமனாகப் படர்ந்திருந்தது. 1957-ல் 1,350 மான்கள், 1963-ல் 6,000. லைக்கன் தீர்ந்திருந்த நேரத்தில் கொடிய குளிர்காலம் ஒன்று வந்தது. 1966-ல் போய் எண்ணியபோது மிஞ்சியவை 42. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் ஆண், அதுவும் இனம் பெருக்கத் தகுதியற்றது.

இந்தக் கதையைச் சொல்லித்தான் உன்னைப் போன்றவர்கள் மனிதர்களைப் பயமுறுத்துகிறார்கள். மானுக்கும் நமக்கும் வேறுபாடு இரண்டு. ஒன்று, லைக்கனை வளர்க்க மானுக்குத் தெரியாது. ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹாபர் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து, செயற்கை உரத்துக்கு மூலமான அமோனியாவைத் தயாரிக்க முடியும் என்று 1909-ல் காட்டினார், 1913-ல் அதற்கான தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. இன்று உலகில் ஏறக்குறைய பாதிப்பேர் உண்ணும் உணவு அந்தச் செயற்கை உரம் இல்லாவிட்டால் விளைந்திருக்காது. இதை வெற்றி என்று மட்டும் எழுதி நான் நழுவ மாட்டேன். அந்த உரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவைச் செலவழித்துக் கிடைக்கிறது. வயலில் மிஞ்சியது ஆறு வழியாகக் கடலுக்குப் போய், அங்கே பிராணவாயு இல்லாத பகுதிகளை உண்டாக்குகிறது. எல்லையைத் தள்ளிவைத்தோம், தள்ளிவைத்ததற்கான பாக்கி நிலுவையில் இருக்கிறது.

இரண்டாவது வேறுபாடுதான் உன் மருமகள். வயிறு நிறைந்திருக்கும்போதே பிள்ளைகளைக் குறைத்துக்கொள்ளும் உயிரினம் மனிதன். மால்தஸ் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். 1960-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகள், இன்று உலகச் சராசரி 2.3-ஐ ஒட்டியிருக்கிறது. எண்ணிக்கை கூடாமலும் குறையாமலும் நிற்கத் தேவையானது சுமார் 2.1. ஈரானில் 1980-களின் தொடக்கத்தில் ஆறுக்கு மேல் இருந்தது, இருபது ஆண்டுகளில் இரண்டு அளவுக்கு வந்துவிட்டது. வங்கதேசத்தில் 1970-களில் ஏழுக்கு அருகில் இருந்தது, இன்று இரண்டுக்கு அருகில். பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை, பெண்ணின் கல்வி, கைக்கெட்டும் கருத்தடை, இந்த மூன்றும் வந்த இடங்களில் எல்லாம், வழிபாடு எதுவாக இருந்தாலும், அரசாங்கம் எதுவாக இருந்தாலும், இதுதான் நடந்திருக்கிறது. வெர்ஹுல்ஸ்ட்டின் கோடு மட்டமாகத்தான் போகிறது, ஆனால் பஞ்சம் வந்து வளைக்கவில்லை.

அப்படியானால் ஏன் இன்னும் கூடிக்கொண்டே போகிறது என்று நீ கேட்பாய். நேற்று அதிகமாகப் பிறந்தவர்கள் இன்றுதான் பெற்றோர் ஆகிறார்கள். ஆளுக்கு இரண்டு பெற்றாலும் பெறுகிறவர்கள் அதிகம். பாட்டன், பாட்டிகளோ எண்ணிக்கையில் குறைவு, ஆகவே மரணங்களும் குறைவு. இந்தத் தலைமுறை முதுமையைத் தொடும்வரை மொத்தக் கணக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கும். சீனத்தில் பிறப்பு விகிதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள்) 1990-களின் தொடக்கத்திலேயே 2.1-க்குக் கீழே இறங்கிவிட்டது, மக்கள்தொகை குறையத் தொடங்கியது 2022-ல்தான். ஐ.நா. 2024-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகம் 2080-களின் நடுவில் 1,030 கோடியைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். அந்தக் கூடுதலில் பெரும்பங்கு சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில்.

உன் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. "கடுமையான சட்டம் போட்டால்தான் சரிப்படும்" என்று எழுதியிருக்கிறாயே, அது. போட்டுப் பார்த்தாயிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், இந்தியாவில் ஓராண்டில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். இலக்கு எண்ணை நிரப்ப வேண்டும் என்பதற்காகப் பலரை வலுக்கட்டாயமாக இழுத்துப் போனார்கள். சீனம் ஒரு குழந்தைக் கொள்கையை 1980 வாக்கில் கொண்டுவந்து 2015 வரை வைத்திருந்தது. ஆனால் அங்கே பிறப்பு விகிதத்தின் பெரிய சரிவு அதற்கு முன்பே, 1970-களிலேயே, ஆறுக்கு அருகிலிருந்து மூன்றுக்கும் கீழே வந்தபோது நடந்து முடிந்துவிட்டது. (அப்போதும் அரசின் நெருக்குதல் இருந்தது என்பது உண்மைதான்.) "மக்கள் பெருகிவிட்டார்கள்" என்று சொல்லும் எவரும் அந்த மிகுதியில் தன்னைச் சேர்த்து எண்ணுவதே இல்லை. எப்போதும் அடுத்த தெருக்காரர், அடுத்த சாதிக்காரர், அடுத்த நாட்டுக்காரர்தான் மிகுதி. சட்டம் போடச் சொல்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை வராததற்குக் காரணம் இதுதான்.

பூமியின் கொள்ளளவு என்று ஓர் எண் இருக்கிறதா? மக்கள்தொகை ஆய்வாளர் ஜோயல் கோகன் 1990-களில் அதுவரை வந்த மதிப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தார். நூறு கோடிக்குக் குறைவு என்றவர்களும் உண்டு, ஒரு லட்சம் கோடி என்றவர்களும் உண்டு. எப்படி வாழும் மனிதர்கள் என்று சொல்லாமல் எத்தனை மனிதர்கள் என்று கேட்டால் விடை அப்படித்தான் சிதறும். உலகில் வாழத்தக்க நிலத்தில் பாதியளவு வேளாண்மைக்குப் போகிறது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு கால்நடைகளின் மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும். அந்த முக்கால் பங்கிலிருந்து நமக்கு வருவதோ மொத்தக் கலோரியில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. கரியமிலவாயுவில் சராசரி அமெரிக்கரின் ஆண்டுக் கணக்கு 14 டன் அளவு. பிறப்பு விகிதம் இன்னும் ஆறையொட்டி இருக்கும் நைஜர் நாட்டில் ஒருவருடைய கணக்கு அரை டன்னைக்கூடத் தொடாது. நீ பயப்படுவதோ நைஜரின் தொட்டில்களைப் பார்த்து.

இறங்குமுகத்தைப் பார்த்துப் பதறுகிறவர்களும் இப்போது கிளம்பிவிட்டார்கள். தென்கொரியாவில் 2023-ல் விகிதம் 0.72. அதே நிலை நீடித்தால், பாதிப்பேர் பெண்களாக உள்ள நூறு பேருக்கு 36 பிள்ளைகள், 13 பேரப்பிள்ளைகள். முதியோரைப் பார்த்துக்கொள்வது யார், ஓய்வூதியத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பவை உண்மையான சிக்கல்கள், நானே அந்த வரிசையில் நிற்கிறேன். ஆனாலும் இன்றைய வேகத்தை அப்படியே முந்நூறு ஆண்டுக்கு நீட்டி மனிதகுலம் அழிந்துவிடும் என்பது, வான் ஃபோர்ஸ்டரின் வெள்ளிக்கிழமையைத் தலைகீழாகப் பிடித்ததுதான். உன் மருமகளை இரண்டாவது பிள்ளைக்கு நச்சரிக்காதே. அவள் கணக்கு அவளுக்குத் தெரியும்.

பந்தயத்துக்கு அழைத்திருக்கிறாய். இதற்கு முன்னுதாரணம் உண்டு. மக்கள் பெருகப் பெருக மூலப்பொருள் அரிதாகி விலை ஏறும் என்றார் உயிரியலாளர் பால் எர்லிக். ஏறாது என்றார் பொருளியலாளர் ஜூலியன் சைமன். 1980-ல் செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் என்று ஐந்து உலோகங்களைத் தேர்ந்தெடுத்துப் பத்தாண்டுப் பந்தயம் கட்டினார்கள். 1990-ல் எர்லிக் 576 டாலர் 7 சென்ட்டுக்குக் காசோலை எழுதி அனுப்பினார். சைமனின் அந்த வெற்றியை நான் பெரிதாக மதிப்பதில்லை. உலோகத்துக்குச் சந்தையில் விலை உண்டு. காற்றுக்கும் கடலுக்கும் இல்லை, அவை கெட்டால் எந்த விலைப்பட்டியலிலும் தெரியாது.

இருந்தாலும் உன்னிடம் கட்டுகிறேன். இந்த நூற்றாண்டுக்குள் 1,100 கோடியைத் தாண்டும் என்கிறாய் நீ. ஐ.நா. சொல்லும் 1,030 கோடியைக்கூடத் தொடாது என்கிறேன் நான். இரண்டுக்கும் நடுவில் நின்றால் சமன். தீர்ப்பு வரும்போது நாம் இருக்கப் போவதில்லை, ஆகவே உன் பேரனும் என் பேத்தியும் தீர்த்துக்கொள்ளட்டும். பணயம், கல்லூரி விடுதியில் என்னிடம் வாங்கிப்போய் இன்றுவரை நீ திருப்பித் தராத சதுரங்கப் பெட்டி. சம்மதம் என்றால் தேதி போட்டு, கையெழுத்திட்டு அனுப்பு. உன் வாய்ச்சொல்லை நம்பித்தான் அந்தப் பெட்டியே போனது.

தங்கையின் மருந்து விவரத்தை மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் விடுதி அறைத் தோழன்